வியாழக்கிழமை மத்தியானம் நான் இருந்த இடம்

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ சென்னை ஹைகோர்ட்டுக்குப் போவதற்காக உன் சீனியர் வக்கீல் தன் வீட்டு முற்றத்தில் வைத்த தேநீர் விருந்தில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன, இனி நம் ஊர் அப்பீல்கள் அங்கேதான் போகும், அங்கே நம் பையன் ஒருவன் இருப்பது எவ்வளவு நல்லது என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். பிறகு உன்னை எழுப்பி நிறுத்தினார்கள். நீ சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பற்றிச் சொன்னாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தலைமையாசிரியர் உத்தியோகம் கைக்கு எட்டிவிட்ட நேரத்தில், யாரும் கூப்பிடாமல் தானாகப் போய் ஒரு நிரபராதிக்காகச் சாட்சி சொன்ன மனிதர் என் அப்பா, கோர்ட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொள்வேன் என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டார். நான் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அன்றிலிருந்து நீ சாப்பிட உட்காரும்போது நான் எழுந்து போய்விடுகிறேன். நாளை காலை நீ பஸ் ஏறுகிறாய். ‘யாரும் கூப்பிடாமல் தானாக’ என்றாயே, அது உண்மையில்லை. நீ அதை உண்மை என்று நம்பிக்கொண்டு அவ்வளவு தூரம் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கடிகாரப் பைத்தியம் உனக்குத் தெரியும். ஒன்பது கடிகாரங்கள் இந்த வீட்டில் ஓடுகின்றன. ரயில் கார்டு ஒருவர் ஓய்வுபெற்றபோது வாங்கிய வெள்ளி பாக்கெட் வாட்சு, எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன மேஜைக் கடிகாரம் என்று ஒவ்வொன்றையும் தேடிப்போய்க் கொண்டுவந்தேன். ஆனால் ஒன்பதும் வேறு யாருக்கோ செய்தவை. அவர்களுக்குச் சலித்த பிறகோ, அவர்கள் செத்த பிறகோதான் என் கைக்கு வந்தன. 1947இல் ஒரு நாள் திங்கள்சந்தை வழியாகப் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குளச்சல் கயிற்று வியாபாரி ஒருவர் மணி பார்ப்பதற்காக இடுப்பிலிருந்து ஒரு வாட்சை எடுத்தார். அதில் கம்பெனிப் பெயர் இல்லை. முள்ளிரண்டும் நெல் தாள் மாதிரி மெலிந்து நுனியில் லேசாக வளைந்திருந்தன. கேட்டு வாங்கிப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ‘3’ என்று மட்டும் வெட்டியிருந்தது. ‘எங்க ஊருல காசிம்னு ஒருத்தன், அவனே இருந்து செய்தது. மூணாவது எனக்கு’ என்றார். அன்றைக்குப் பிடித்த ஆசை அது. எனக்கென்று ஒருவன் உட்கார்ந்து, பல் பல்லாக அராவி, ‘4’ என்று வெட்டித் தர வேண்டும்.

உடனே போயிருப்பேன். அடுத்த வருஷம் உன் அம்மாவைப் பெற்றவர் கட்டிலில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தபோது நான் திருநெல்வேலியில் ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். திரும்பி வந்தபோது தகனம் முடிந்து ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு அப்போது பதினாறு வயசு, உனக்கும் அது நினைவிருக்கும். அம்மா சண்டை போடவில்லை. பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள், “இனி இந்த வீட்டுக்குள்ள புதுசா ஒரு கடியாரம் ஏறப்பிடாது. சம்மதமா?” என்று கேட்டாள். சம்மதம் என்றேன். அடுத்த வருஷமே குளச்சலுக்குப் போனேன். வீட்டுக்குள் ஏறுவதற்கு இன்னும் நாளிருக்கிறது, செய்யச் சொல்வதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பொய்க்கு உள்ளே நுழைய இவ்வளவு இடம் போதும்.

காசிமுக்கு அப்போது முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். கொழும்பில் ஒரு கடிகாரக் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு யுத்தம் வந்ததும் ஊர் திரும்பியவர். வீட்டின் முன்னறைதான் கடை. கப்பல்காரர்களின் கடிகாரம் தவிர வேறு எதையும் பழுது பார்க்கமாட்டார். மீதி நேரமெல்லாம் தன் சொந்த வேலை. யார் வந்து கேட்டாலும் செய்து தருகிற ஆளில்லை.

“எனக்கு ஒரு வாட்சு செய்யணும்” என்றேன்.

“எல்லாருக்கும்தான் வேணும். அது என்ன காட்டணும் சாரே?”

மணி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மணி காட்ட ஒன்பது இருக்கிறதே. ஒரு வாரம் யோசித்துவிட்டு மறுபடி போய்ச் சொன்னேன். மணியும் காட்டணும், சுற்றி ஒரு வளையத்தில், அன்றைக்குச் சூரியன் உதித்து எத்தனை நாழிகையாயிற்று என்பதும் காட்டணும். காசிம் கையிலிருந்த சாமணத்தைக் கீழே வைத்தார். “சூரியன் தெனமும் ஒரே நேரத்துலயா உதிக்கு?” என்றார். இல்லை, ஆறு மணிக்கும் ஆறேமுக்காலுக்கும் நடுவில் வருஷம் முழுக்க முன்னும் பின்னும் போய்வருகிறது, அதெல்லாம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்றேன். “பஞ்சாங்கம் எழுதினவரு எங்கிட்ட வாட்சு கேக்கல்லியே. நீங்கதானே கேக்கீங்க. ஒரு வருஷம் நீங்களே பாத்து எழுதிட்டு வாங்க. வருஷத்துக்கு ஒரு சுத்து சுத்துற சக்கரம் ஒண்ணு வெட்டணும். அதுக்க ஓரம் வட்டமா இருக்காது, பூவரச எல மாதிரி இருக்கும். எந்த எடத்துல எவ்வளவு குழியணும்னு ஒங்க எழுத்துதான் எனக்குச் சொல்லணும்.” எப்போது முடியும் என்று ஒருநாளும் கேட்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார். நானும் ஒன்று போட்டேன். நான் இங்கே வந்து போவது யாருக்கும் தெரியக்கூடாது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “நான் ஆருட்ட சொல்லப்போறேன்?” என்றார்.

இதில் உன் பங்கு உனக்கே தெரியாமல் நுழைந்தது. விடியற்காலை நான் சைக்கிளை எடுக்கும்போது நீயும் பின்னால் ஏறிக்கொள்வாய். குளத்துக் கரையில் பனைமரங்களுக்கு நடுவே சூரியனின் முதல் விளிம்பு தெரிந்ததும் நீ “இப்ப!” என்பாய், நான் மணி பார்த்து எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்துக்கு என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். நீ நம்பினாய். அந்த வருஷம் ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டது. நோட்டுப்புத்தகத்தில் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் முன்னும் பின்னும் உள்ள நாட்களை வைத்துப் பதினோரு நாளை நானே போட்டு நிரப்பினேன். காசிம் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தில் வந்து நின்றார். “அடமழையில பதினோரு நாளும் சூரியன் ஒழுங்கா தெரிஞ்சுதாக்கும்?” என்று கேட்டார். “தெரியாத நாளுக்கு ஒரு கோடு போட்டாப் போதும் சாரே. கோட்ட வச்சு நான் வேல செய்வேன். இத வச்சு முடியாது.” நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார். இன்னொரு வருஷம் பார்த்தோம். அந்தத் தையில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது ஒன்பது நாள் நீ தனியாகப் போய் உன் கையாலேயே எழுதி வந்தாய். இரண்டு நாளுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் ‘மேகம்’ என்று எழுதியிருந்தாய். காசிமுக்கு அந்தப் பக்கம்தான் பிடித்தது.

அதன் பிறகு மூன்று வருஷம் அவர் வேலை செய்தார், நான் போய்ப் பார்த்தேன். மாதம் இரண்டு மூன்று வியாழக்கிழமை பள்ளிக்கூடப் பதிவேட்டில் ‘கல்வி ஆபீசுக்கு, பள்ளி வேலையாக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானப் பஸ்ஸில் குளச்சலுக்குப் போவேன். கதவுக்குப் பின்னாலிருந்து காசிமின் மனைவி சைனம்பு தேநீரை நீட்டுவாள், அவர் வாங்கித் தருவார். ஐந்து வருஷத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. என் குரலை அவளுக்குத் தெரியும், அவள் வளையல் சத்தத்தை எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

1954. சென்னையோடு சேர்க்கச் சொல்லி ஊரெல்லாம் ஊர்வலமும் தடையுத்தரவுமாக, யார் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்பட்ட வருஷம். அந்த வியாழக்கிழமை நான் கடைக்குள் ஏறும்போது ஒன்று நாற்பது. முகப்பு இல்லாமல், கூடு இல்லாமல், வெறும் எந்திரம் மட்டும் ஒரு வெள்ளைத் துணிமேல் இருந்தது. காசிம் சாவியைத் திருகினார். ஓடத் தொடங்கியது. பூவரச இலைச் சக்கரம் அசைவது கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பிறந்த அன்றைக்கு அப்புறம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது அன்றைக்குத்தான். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிளம்பும்போது நாலு இருபது. நடுவில் நானும் அவரும் அந்த அறையை விட்டு நகரவில்லை.

அன்று இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனி ஆபீசிலிருந்து குரோனோமீட்டர், அதாவது கடலில் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிக்க உதவும், பெட்டிக்குள் வைத்த பெரிய கடிகாரம், காணாமல் போயிற்று. அதை ஒருமுறை பழுது பார்த்தவர் காசிம். ‘இத இப்பிடிப் போட்டு வச்சிருக்கியளே, எங்கிட்ட இருந்தா எப்பிடி வச்சிருப்பேன்’ என்று ஆபீசில் வைத்தே அவர் சொன்னதுண்டாம். வெள்ளிக்கிழமை அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நீ வக்கீல் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: “கொளச்சல்ல வாட்சு செய்யுத ஒரு ஆளைப் பிடிச்சிருக்காவப்பா. கேஸு எங்க சாருக்குத்தான் வந்திருக்கு. ஒங்களுக்கு வாட்சுகாரங்க எல்லாரையும் தெரியுமே, காசிம்னு ஒருத்தரத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வந்தது. ஆனால் சொன்ன பிறகு யோசித்தேன். தலைமையாசிரியர் நியமன உத்தரவு அந்த மாதமே வரும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் குளச்சலில் இருந்தேன் என்றால் பதிவேட்டில் போட்ட கையெழுத்து பொய். அந்த ஒன்று மட்டுமல்ல, மூன்று வருஷத்துக் கையெழுத்தும் பொய். அம்மாவிடம் சொன்ன சம்மதமும் பொய். காசிம் நல்லவர், எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒன்பது கடிகாரத்தையும் துடைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நீ வந்து நின்ற விதம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. சட்டையைக் கழற்றவில்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காசிமின் கடையிலிருந்து போலீசார் எடுத்துப்போன சாமான்களைச் சரிபார்க்க உன் சீனியர் உன்னை அனுப்பியிருந்தார். அவற்றுக்கு நடுவில் ஒரு நோட்டுப்புத்தகம். அதில் என் எழுத்து. ஒரு பக்கத்தில் உன் எழுத்து.

“அப்பா, பூகோள நோட்டு அங்க எப்பிடிப் போச்சு?”

வாட்சு செய்யச் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நீ அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாய். “வியாழக்கெழம மத்தியானம் நீங்க எங்க இருந்தீய?” என்று கேட்டாய். உண்மையைச் சொல்ல அப்போதும் வழி இருந்தது. “கல்வி ஆபீசில்” என்றேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாய். “அந்த ஆளப் போயிப் பாத்தேன்ப்பா. நோட்டு யாருக்கன்னு கேட்டேன். ஒரு நாகரோயில்காரரு தந்தாரு, பேரு தெரியாதுன்னுட்டாரு. வியாழக்கெழம கடையில ஆரு இருந்தான்னு கேட்டேன். ஆருமில்ல, நான் மட்டுந்தான்னாரு. அஞ்சு வருஷமா வாட்சு செய்யுத ஆளுக்குப் பேரு தெரியாம இருக்குமா? அவரு ஆரையோ காப்பாத்துதாரு.” நீ எழுந்து குளிக்கப் போனாய்.

நீ போனபிறகு அம்மா சொன்னாள். இது உனக்குத் தெரியாது. “வியாழக்கெழம போட்ட சட்டைய நாந்தானே தொவச்சேன். கருவாட்டு மணம் கல்வி ஆபீசுலயா அடிக்கி? அஞ்சு வருஷமா தொவைக்கேன். கேக்காம இருந்தேன், அவ்வளவுதான். போயிச் சொல்லிருங்க. நீங்க ஹெட்மாஸ்டர் ஆகாட்டா நமக்குச் சோறு எறங்காதா?” அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போனேன், பாடம் நடத்தினேன், வந்தேன். புதன்கிழமை குளச்சலுக்குப் போனேன். இதைத்தான் நான் இரண்டு வருஷமாக உன்னிடமிருந்து மறைத்துவைத்திருக்கிறேன். நீ விருந்தில், ‘அஞ்சு நாள் எங்களையெல்லாம் நினைத்துத் தவித்தார், கடைசியில் மனசாட்சி ஜெயித்தது’ என்றாய். நான் குளச்சலுக்குப் போனது சாட்சி சொல்ல அல்ல. எடுத்துப்போன சாமான்களின் பட்டியலை நீ மேஜையில் வைத்திருந்தாய் அல்லவா, நான் அதை எடுத்துப் பார்த்தேன். கடைசல் பட்டறை, அரம், நோட்டு எல்லாம் இருந்தன. ஓடிக்கொண்டிருந்த எந்திரம் அதில் இல்லை. அப்படியானால் அது வீட்டில்தான் இருக்கிறது. அந்த மனிதர் உள்ளே கிடக்கும்போது, என் வாட்சு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

முன்னறை பூட்டியிருந்தது. பக்கத்து நடையில் போய் நின்று தொண்டையைச் செருமினேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

“நாகரோயில் சாரா?” என்றாள்.

ஆமாம் என்றேன். பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகும் என்றேன். பிறகு கேட்டேன். கடையில் ஒரு சின்ன எந்திரம், வெள்ளைத் துணியில் இருந்தது, அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? போலீசார் திரும்பி வந்தாலும் வருவார்கள், என்னிடம் தந்தால் நாகர்கோவிலில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன்.

பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. முக்காட்டுத் துணிக்குள்ளிருந்து கை ஒன்று ஒரு துணிப்பொதியை நீட்டியது. “அவங்க வாரதக் கண்டதும் எடுத்து அரிசிப்பானைக்குள்ள போட்டேன். அவரு மூணு வருஷம் கண்ணு முழிச்சுச் செய்தது. அவருக்குள்ளதுன்னு நெனச்சு ஒளிச்சேன்” என்றாள். நான் கையை நீட்டினேன், மக்கா. நீட்டினேன். துணிக்குள் அது ஓடும் சத்தம் கேட்டது. அவள் அதற்குச் சாவி கொடுத்து வைத்திருக்கிறாள். என் விரல் துணியில் படும்போது அவள் கை பின்னால் போயிற்று.

“இத எடுத்திட்டுப் போவத்தான் வந்தீங்களா?”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

“அவரு எப்பிடி இருக்காருன்னு ஒரு வார்த்த கேக்கல்லியே சாரே. ஆறு நாளாச்சு. வியாழக்கெழம நான்தானே ஒங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு தடவ சாயா போட்டேன். நாலு மணி தாண்டித்தானே எறங்கிப் போனீங்க. நீங்க வந்து சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு நெனச்சு இருந்தேன். இனி இருக்கமாட்டேன். நாளைக்குக் காலம்பற வக்கீலய்யா வீட்டுக்கு நானே போறேன். ஒங்க மொகம் எனக்குத் தெரியாது, பேரு தெரியாது. ஆனா கொரலத் தெரியும். நாகரோயில் பள்ளிக்கூடத்துல எல்லா வாத்தியாரையும் பேசச் சொல்லுங்க, நான் கண்டுபிடிச்சுச் சொல்லுவேன்.”

கதவு சாத்திக்கொண்டது.

நான் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன், இரண்டாவதையும் விட்டுவிட்டேன். என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். காசிமைப் பற்றி யோசிக்கவில்லை. கணக்குப் போட்டேன். அவள் நாளை காலை வந்தால் நான் பிடிபட்டவன். நான் இன்று சாயங்காலம் போனால் தானாக வந்தவன். நடுவில் ஒரு ராத்திரிதான் இருந்தது. மூன்றாவது பஸ்ஸில் ஏறி நேரே உன் சீனியர் வீட்டுக்குப் போனேன். நீயும் அங்கே இருந்தாய். நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனுஷனா” என்றார். நீ அழுதுவிட்டாய். நான் அதை நிறுத்தவில்லை. மறுநாள் காலை சைனம்பு தன் தம்பியோடு நாகர்கோவிலுக்கு வந்தாள். வாத்தியாரே நேற்று வந்து எல்லாம் சொல்லிவிட்டார் என்று வாசலிலேயே குமாஸ்தா சொன்னதும், அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாளாம். முந்தின நாள் நான் அவள் வீட்டு நடையில் நின்றதை அவள் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

கோர்ட்டில் நடந்தது உனக்குத் தெரியும், நீதான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாய். “பள்ளி வேலையாக கல்வி ஆபீசில் இருந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர். அது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?” என்று கேட்டார்கள். அது பொய் என்றேன். சபையில் ஒரு சலசலப்பு. உன் பேனா நின்றது. அந்த ஒரு பதில் மட்டும் என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் சைனம்பு தள்ளிவிட்டது. காசிமை ஜாமீனில் விட்டார்கள். மாதம் ஒன்று கழிந்து அந்தக் குரோனோமீட்டர் கம்பெனியின் சொந்தக் கிட்டங்கியிலேயே சாக்குகளுக்கு அடியில் கிடைத்தது. மழை ஒழுகுகிறது என்று அவர்கள் ஆளே எடுத்துவைத்து மறந்திருக்கிறான். எனக்கு ஆறு மாதம் சஸ்பென்ஷன், அப்புறம் அஞ்சுகிராமத்துக்கு மாற்றல், அதே உதவியாசிரியர் வேலை. அதை ஊர் தியாகம் என்றது. அது நான் போட்ட பொய்க் கையெழுத்துகளுக்குக் கிடைத்த நியாயமான தண்டனை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று பாக்கி. காசிம் என்னைக் காப்பாற்றினார் என்று நீ நினைக்கிறாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் ஜாமீனில் வெளியே வந்த பத்தாம் நாள் பார்க்கப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தேநீர் வரவில்லை. என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சாரே, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். “நீங்க இந்தப் படி ஏறதுக்கு முன்ன ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் ஏறுவீங்க. அஞ்சு வருஷமா பாக்கேன். நான் ஒங்க பேரச் சொன்னா நீங்க இல்லன்னு சொல்லிருவீங்க. பெரிய மனுஷன் ஒருத்தரப் பொய்யா இழுத்துவிட்டான்னு எனக்குக் கேஸு இன்னும் இறுகும். அதான் சொல்லல்ல.”

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு, “அந்த வாட்சு ஒங்களுக்குக் கெடையாது. அவ சம்மதிக்கமாட்டா. எனக்கும் மனசில்ல” என்றார். சரி என்று எழுந்து வந்தேன். போன வருஷம் அதை முடித்து, ‘4’ என்று வெட்டி, கொழும்பில் ஒரு டாக்டருக்குக் கொடுத்துவிட்டார் என்று அந்தக் கயிற்று வியாபாரி சொன்னார். நாழிகை வளையத்தோடுதான் முடித்தாராம். நீயும் நானும் குளத்துக் கரையில் நின்று பார்த்த உதயத்தை இப்போது முன்பின் தெரியாத ஒருவர் வேற்று நாட்டில் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். அங்கே அது சரியாகவும் இருக்காது. முடிந்த பிறகு அதை நான் பார்த்ததில்லை.

நீ வக்கீல். இனி உன் முன்னால் சாட்சிகள் வந்து நிற்பார்கள். என்னை மாதிரிப் படித்தவன், மணியும் நிமிஷமும் தப்பாமல் சொல்லுகிறவன் வரும்போது, இவன் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு கேள்வி கேள். கதவுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் யாராவது உண்டா என்று ஒரு ஆளை அனுப்பிப் பார். ஒரு பொருளின்மேல் ஆசை வைப்பது தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆசையை வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால், அன்றைக்கே அதை விட்டுவிடு. நான் அன்றைக்கு விடவில்லை. என்னைப் பற்றி இனி எங்கேயும் பேசாதே என்று கேட்க எனக்கு உரிமையில்லை. பேசுவதாக இருந்தால், குளச்சலில் சைனம்பு என்று ஒரு பெண் இருந்தாள், அவள் வருகிறேன் என்று சொன்னதால்தான் என் அப்பா போனார் என்று சேர்த்துச் சொல். அது அவளுக்குச் சேர வேண்டியது.

இதை எழுதி முடித்ததும் உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடலாம், சென்னை போய்ச் சேர்ந்து நீ வாசிப்பாய், அப்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்று நினைத்தேன். பெட்டியைத் திறக்கவும் திறந்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுலயுமா?” என்றாள். அதனால் உன் கையிலேயே தருகிறேன், இப்போது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசி. நான் வெளி அறையில் இருக்கிறேன். எங்கும் போகமாட்டேன்.

அப்பா